கவுச்சி மூணு நாள்ல போச்சு, சென்ட் வாடை மூணு மாசம் இழுத்துச்சு: பழைய கார் நாத்தத்துக்கு எந்த வழி சரி?

எங்க அக்காவுக்கு வாசனைன்னாலே ஆகாது. ஊதுபத்தி கொளுத்துனா தொண்ட அடைச்சுக்கும், பெயின்ட் அடிச்ச வீட்டுப் பக்கம் போயிட்டு வந்தா ரெண்டு நாள் தலைய தூக்க முடியாது, ஷேர் ஆட்டோல பக்கத்துல யாராச்சும் சென்ட் போட்டுட்டு குந்துனா அடுத்த ஸ்டாப்பிங்லயே எறங்கி நடக்க ஆரம்பிச்சுடும். டெஸ்ட் எல்லாம் எடுத்துப் பாத்தாச்சு, ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்ல. மல்டிபிள் கெமிக்கல் சென்சிட்டிவிட்டின்னு இதுக்கு ஒரு பேர் இருக்கு, 1987ல மார்க் கல்லன்னு ஒரு அமெரிக்க டாக்டர் எழுதி பரவுன பேரு, ஆனா இது ஏன் வருது எப்படி வருதுன்னு டாக்டருங்களுக்குள்ளயே இன்னும் சண்ட ஓயல. சண்ட அவங்களுக்கு, தலவலி எங்க அக்காவுக்கு.

கார் வாங்குற அளவுக்கு நாங்க ஒண்ணும் பெரிய கை இல்ல. 2023 டிசம்பர் 26 ராத்திரி வடசென்னை எண்ணூர் பெரியகுப்பத்துல கடலுக்குள்ள போற பைப்புலேர்ந்து அமோனியா லீக் ஆச்சே, அன்னிக்கு நடுராத்திரில எர்ணாவூர்ல எங்க தெருவுலயும் கதவத் தட்டி எழுப்புனாங்க. ஆட்டோ ஒண்ணும் இல்ல, அக்கா மூஞ்சில ஈரத்துண்ட கட்டி பைக்ல பின்னாடி ஒக்கார வெச்சு தண்டையார்பேட்டை வரைக்கும் ஓட்டிக்கினு போனேன், வழியெல்லாம் என் முதுகுல தலைய சாச்சுக்கிட்டு இருமிக்கிட்டே வந்துச்சு. கண்ணாடி ஏத்துனா மூடிக்கிற மாதிரி ஒரு வண்டி வேணும்னு அன்னிக்கு முடிவு பண்ணதுதான்.

புது கார் வேணாம்னு மொதல்லயே தெளிவா இருந்தோம், காசு மட்டும் காரணம் இல்ல. எல்லாரும் ஆசையா மோந்து பாக்குற அந்த புது வண்டி வாசனை இருக்கு பாருங்க, அது பிளாஸ்டிக், பசை, ஃபோம் எல்லாத்துலேர்ந்தும் கெளம்புற கெமிக்கல் ஆவி, கொறைய மாசக்கணக்கு ஆகும், வெயில்ல வெச்சா இன்னும் ஜாஸ்தி கெளம்பும். எட்டு பத்து வருசம் ஓடுன வண்டியில அதுல பெரும்பகுதி எப்பவோ பறந்து போயிருக்கும். மிச்சம் இருக்கறது பழைய ஓனர் விட்டுட்டுப் போனது மட்டும்தான். அத எடுத்துட்டா இந்த மாதிரி ஆளுங்களுக்கு பழைய வண்டிதான் நல்லது, ஆனா அந்த "எடுத்துட்டா"ங்கற ஒரு வார்த்தைக்குத்தான் இவ்ளோ பெரிய கதை.

நாங்க எடுத்தது 2014 மாடல் சின்ன ஹேட்ச்பேக். பழைய ஓனர் காசிமேட்டுல மீன் ஏலம் எடுக்குற அண்ணன், தங்கமான மனுசன், "தம்பி, டிக்கில மீன் பொட்டி வெச்சிருக்கேன், கவுச்சி இருக்கும், அப்பால என்ன சொல்லாத"ன்னு வாயத் தொறந்து சொல்லிட்டாரு. நடுவுல வந்த புரோக்கர்தான் வேலையக் காட்டிட்டாரு. வண்டி கைக்கு வர்றதுக்கு முந்துன நாள் நமக்கு நல்லது பண்றதா நெனச்சு டேஷ்போர்டு பூரா பாலிஷ் அடிச்சு, ஏசி வென்ட்ல ஒரு லெமன் சென்ட் பாட்டில மாட்டி, டிரைவர் சீட்டுக்கு அடியில ஜெல் டப்பா ஒண்ண வெச்சு அனுப்பியிருந்தாரு. வர்ற வழியில அந்த டப்பா கவுந்து கார்ப்பெட்டுக்குள்ள எறங்கிடுச்சு. அக்கா கதவத் தொறந்துச்சு, ஒரு காலத் தூக்கி உள்ள வெக்கல, அப்படியே பின்னாடி வந்து திண்ணைல ஒக்காந்துடுச்சு.

அதனால இத எழுதும்போது நான் பாத்த அளவுகோல் ஒண்ணுதான். வேற ஆளுங்களுக்கு "நாத்தம் போச்சா இல்லையா"ன்றது கேள்வி. நம்ம வீட்டு கேள்வி "நாத்தம் போனதுக்கப்புறம் வண்டியில புதுசா என்ன தங்குது"ங்கறது. இந்தக் கேள்விய வெச்சுப் பாத்தா கடையில முன்னாடி நிக்கிற பாதி வழி அடிபட்டுப் போயிடும்.

எந்த வழிக்குப் போறதுக்கு முன்னாடியும் என்ன நாத்தம், எங்கேர்ந்து வருதுன்னு கண்டுபிடிக்கணும், இதுல அவசரப்பட்டா காசு தண்டம். மத்தியான வெயில்ல ஒரு மணி நேரம் கண்ணாடி ஏத்தி வெச்சுட்டு ஒவ்வொரு கதவா தொறந்து மோந்து பாருங்க, டிக்கி தனி, ஏசி வென்ட் தனி, சீட் தனி, மேல கூரைத் துணி தனி. நம்ம மூக்க நம்பாதீங்க, பத்து நிமிசத்துல அதுக்குப் பழகிப் போயிடும், அப்புறம் நாத்தம் போயிடுச்சுன்னு நாமளே சொல்லிக்குவோம். நடுநடுவுல வெளிய போய் நின்னுட்டு வரணும். அக்காவ வண்டிக்குள்ள ஏத்தி டெஸ்ட் பண்ண மனசு வரல, அதனால பழைய வேட்டியக் கிழிச்சு ஒவ்வொரு எடத்துலயும் ஒரு துண்டு ராத்திரி பூரா போட்டு வெச்சு, காலையில தனித்தனி கண்ணாடி பாட்டில்ல மூடி மொட்டமாடிக்கு எடுத்துட்டுப் போய் அக்காகிட்ட குடுத்தேன். மொத தடவ அவசரத்துல ஊறுகா பாட்டில எடுத்துட்டேன், எல்லா துண்டும் மாங்கா ஊறுகா வாசனைன்னு சொல்லிடுச்சு. அப்புறம் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில கொதிக்கிற தண்ணில கழுவி யூஸ் பண்ணோம். டிக்கி துண்டு கவுச்சி, அது நாத்தம்தான் ஆனா தலைவலி இல்லன்னுச்சு. டிரைவர் சீட் துண்டு பாட்டில தொறந்ததும் மூடிடுச்சு. அப்பத்தான் புரிஞ்சுது, மீன் நமக்கு எதிரி இல்ல, மீன மறைக்க வெச்சதுதான் எதிரி.

இப்ப வழிங்களுக்கு வருவோம். மொத வழி, வேற வாசனைய வெச்சு அமுக்கறது. சென்ட் பாட்டில் மட்டும் இல்ல, பக்கத்து வீட்டுப் பெரியம்மா வெட்டிவேர் தொங்க விடச் சொன்னாங்க, மாமா சாம்பிராணி போடச் சொன்னாரு, ஒருத்தர் காப்பித்தூள், ஒருத்தர் பச்சக்கற்பூரம். இயற்கைன்னு சொன்னா ஒத்துக்கும்னு ஒரு நெனப்பு. எலுமிச்சந்தோல்ல வர்ற லிமோனீன்ற வாசனை கெமிக்கலும் லெமன் சென்ட்ல வர்ற லிமோனீனும் மூக்குக்கு ஒண்ணுதான், சாம்பிராணிப் புகை என்ன இருந்தாலும் புகைதான். இதுலயே மோசம் அந்துருண்டை. எலி வயர கடிக்காம இருக்கன்னு நம்மூர்ல நெறைய பேரு வண்டியில போட்டு வெக்கிறாங்க. நாஃப்தலீன் அது, கெட்டியா இருந்து நேரா ஆவியாகி சீட் ஃபோம் வரைக்கும் போய் ஒக்காந்துக்கும், புத்துநோய் வரவெக்கலாம்னு சந்தேகப்படுற லிஸ்ட்ல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு வெச்சிருக்கற சாமான். வாங்கப் போற வண்டியில அந்துருண்டை வாடை அடிச்சா, இந்த மாதிரி ஆளுங்க வீட்டுல இருந்தா, வெலை பேசாம திரும்பி வந்துடுங்க.

ரெண்டாவது ஓசோன். மாதவரம் பக்கம் கார உள்ளயும் வெளியயும் சுத்தம் பண்ற ஒரு டீட்டெய்லிங் கடையில கேட்டேன், 1,500 ரூபா, ஒரு மணி நேரம் மெஷின உள்ள வெச்சு மூடிடுவோம், கெமிக்கலே இல்ல சார், வெறும் ஆக்சிஜன்னு சொன்னாங்க. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. ஓசோன்றது மூணு ஆக்சிஜன் அணு சேந்தது, அந்த மூணாவது அணு சும்மா இருக்காது, கெடச்சது மேல பாயும். நாத்தத்து மேல பாஞ்சா நல்லது, நுரையீரல் மேல பாஞ்சா எரிச்சல், கதவோர ரப்பர் பீடிங் மேல பாஞ்சா வெடிப்பு. இதுக்கு மேல ஒரு விசயம் இருக்கு, அத கடைக்காரங்க யாரும் சொல்ல மாட்டாங்க, அவங்களுக்கே தெரியுமான்னு தெரியல. ஓசோனும் அந்த லிமோனீனும் சேந்தா கண்ணு மூக்கெல்லாம் எரிய வெக்கிற ஃபார்மால்டிஹைடு வரும், கூடவே கண்ணுக்குத் தெரியாத நுண் துகளும் வரும். அதாவது லெமன் சென்ட் ஊறிக் கெடக்குற வண்டியில ஓசோன் அடிச்சா, அக்காவுக்கு ஆகாத ஒண்ண எடுத்துட்டு இன்னும் ஆகாத ஒண்ண நாமளே காசு குடுத்து உள்ள செய்யுறோம். சிகரெட் வாடைக்கும் இதான் கத, நிகோட்டின் மேல ஓசோன் பட்டாலும் நுண் துகள் உண்டாகுதுன்னு ஆராய்ச்சில பாத்திருக்காங்க. மனுசனுக்கு பாதுகாப்பான அளவுல ஓசோன் விட்டா நாத்தத்த பெருசா எடுக்காது, நாத்தத்த எடுக்குற அளவுக்கு விட்டா மனுசனுக்கு ஆகாதுன்ற மாதிரிதான் அமெரிக்க சுற்றுச்சூழல் நிறுவனமும் சொல்லுது. கலிஃபோர்னியால வீட்டுல வெக்கிற ஏர் கிளீனர் 0.050 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்துல எத்தன பங்குன்ற கணக்கு) மேல ஓசோன் விடக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. வேற ஆளு வண்டின்னா, ரெண்டு மூணு நாள் கதவத் தொறந்து போட்டு காத்தாட விட எடமும் இருந்தா, பண்ணிக்கட்டும், எனக்கு சண்டை இல்ல. எங்க வண்டிக்கு வேணாம்னு வந்துட்டேன். அயனைசர்னு சிகரெட் லைட்டர் ஓட்டையில சொருகுற சின்ன சாமான் விக்கிறாங்களே, அதுலயும் சிலது ஓசோன் விடும், அதையும் அதே கணக்குல சேத்துக்கங்க.

மூணாவது, கடையில குடுத்து இன்டீரியர் கிளீனிங். இது பாதி நல்ல வழி. மெஷின் நல்ல மெஷின், ஊத்துற தண்ணிதான் பிரச்சனை. அவங்க ஷாம்பு, ஃபோம், கடைசியா பாலிஷ் எல்லாத்துலயும் வாசனை போட்டுத்தான் வரும், "சார் ஸ்மெல் சூப்பரா இருக்கும்"னு வேற சொல்லுவாங்க. நான் தண்டையார்பேட்டைல ஒரு சின்ன கடையில போய், ஒரு சொட்டு ஷாம்பு வேணாம், வெறும் சுடுதண்ணி அடிச்சு உறிஞ்சி எடுங்க, பாலிஷ் தொடவே கூடாதுன்னேன். அந்தப் பையன் என்ன ஒரு மாதிரி பாத்துட்டு "இன்னா நைனா, வெறும் தண்ணிக்கு எதுக்கு நம்ம கடைக்கு வந்த"ன்னான். விசயத்த சொன்னதும் புரிஞ்சுக்கினான், அவங்க அம்மாவுக்கும் ஆஸ்துமாவாம், அவனே தனி டேங்க்க கழுவி ஊத்தி பண்ணிக் குடுத்தான். உறிஞ்சி வந்த தண்ணியப் பாக்கணுமே, டீக்கடை பாய்லர் கழுவுன தண்ணி மாதிரி. ஸ்டீம் கிளீனிங்கும் உண்டு, அதுலயும் கெமிக்கல் இல்லாம பண்ணலாம், ஆனா கூரைத் துணிக்கு மட்டும் ஸ்டீம் காட்டாதீங்க, உள்ள இருக்கற பசை எளகி துணி தொங்கிடும். எதுவா இருந்தாலும் நனைஞ்ச ஃபோம ஒரு நாள், மிஞ்சிப் போனா ரெண்டு நாளைக்குள்ள காய வெச்சுடணும், இல்லன்னா பூஞ்சை புடிக்கும். நம்மூரு கடலோர ஈரக் காத்துல இது சும்மா பயமுறுத்தல் இல்ல, ஐப்பசி கார்த்திகைல இந்த வேலைய வெச்சுக்கவே வெச்சுக்காதீங்க.

நாலாவதுதான் எனக்குப் புடிச்சது, சமையக்கட்டு வழி. இதுல எல்லாரும் பண்ற தப்பு, எதுக்கெடுத்தாலும் ஆப்ப சோடாவக் கொட்டறது. நானும் மொதல்ல டிக்கி பூரா ஒரு கிலோ ஆப்ப சோடா தூவி ராத்திரி விட்டு வேக்குவம் போட்டேன், கவுச்சி அசையல. அம்மாதான் கேட்டுச்சு, "மீன் கழுவுனா புளி, எலுமிச்ச போடுவாங்களா, ஆப்ப சோடா போடுவாங்களாடா"ன்னு. செவுள்ல அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. மீன் கவுச்சிக்குக் காரணம் ட்ரைமெத்தில் அமீன், அது காரத் தன்மை, அத அடக்க புளிப்புதான் வேணும். ஆப்ப சோடாவும் காரம், காரத்துக்குக் காரம் போட்டா என்ன ஆகும், ஒண்ணும் ஆகாது. ஆப்ப சோடா வேல செய்யறது புளிப்பு நாத்தத்துக்கு, கொழந்த வாந்தி எடுத்தது, பால் கொட்டுனது, வேர்வ, இந்த மாதிரி. ரெண்டையும் சேத்துக் கலக்கி நொர வர்றதப் பாத்து சந்தோசப்படாதீங்க, ஒண்ண ஒண்ணு தின்னுடும், கையில நிக்கறது உப்புத் தண்ணி.

புளிப்புக்கு வினிகர்னு எல்லாரும் சொல்லுவாங்க, ஆனா வினிகரே ஆவியாகி மூக்க அரிக்கும், அக்காவுக்கு அதுவும் ஆகாது. மளிகைக் கடையில எலுமிச்ச உப்புன்னு கேளுங்க, சிட்ரிக் ஆசிட்தான் அது, சுத்தமா வாசனையே கெடையாது. ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு டேபிள் ஸ்பூன், துணில நனைச்சுத் தொடச்சு, அப்புறம் வெறும் தண்ணித் துணில தொடச்சு, காய விட்டாப் போதும். இரும்பு மேல அப்படியே விட்டுடாதீங்க, துரு புடிக்கும்.

இதுல கிட்டப் பாத்த ஒரு விசயம் சொல்றேன். டிக்கி கார்ப்பெட்ட எடுத்தும் கவுச்சி போகல, ஸ்டெப்னிய தூக்கிப் பாத்தா அந்தக் குழில ஐஸ் தண்ணி எறங்கி எறங்கி காஞ்சு, ஒரு பழுப்புப் பாகு மாதிரி படிஞ்சிருக்கு, நடுவுல மீன் செதில் ரெண்டு மூணு வெள்ளிக் காசு மாதிரி பளபளன்னு ஒட்டிக்கிட்டு இருக்கு. பழைய கரண்டி வெச்சு சொரண்டுனேன். சலவை சோடா, அதான் துணி தொவைக்கிற சோடா, வாசனை இல்லாம கெடைக்கும், அத சுடுதண்ணில கரைச்சு கையுறை போட்டுக்கிட்டு மொதல்ல கொழுப்ப எடுத்தேன், தண்ணி விட்டு அலசிட்டு அப்புறம் எலுமிச்ச உப்பு. குழில அடியில ஒரு ரப்பர் மூடி இருக்கும், அதக் கழட்டுனா தண்ணி கீழ போயிடும். மூணாவது நாள் காலையில டிக்கி துண்டு பாட்டில அக்கா மோந்துட்டு "எந்த எடத்து துண்டுடா இது"ன்னு கேட்டுச்சு. மொத்த செலவு நூறு ரூபா தாண்டல. சிகரெட் தார் படிஞ்ச பிளாஸ்டிக், கண்ணாடிக்கும் சலவை சோடா நல்லா வேல செய்யும், லெதருக்கும் அலுமினியத்துக்கும் மட்டும் வேணாம்.

பூஞ்சைப் புள்ளிக்கு மெடிக்கல்ல கெடைக்குற ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு வழி, வேல முடிஞ்சா தண்ணியும் ஆக்சிஜனுமா பிரிஞ்சுடும், எதுவும் தங்காது. 6 சதவீதம்னு போட்டிருந்தா பாதிக்குப் பாதி தண்ணி கலந்துக்கங்க, துணி வெளுக்கும், ஓரத்துல டெஸ்ட் பண்ணுங்க. வினிகரோட கலக்காதீங்க, கலந்தா வர்றது நுரையீரல எரிக்கும்.

சென்ட்டுக்கு வருவோம், அங்கதான் சமையக்கட்டு தோத்துச்சு. சென்ட்ல ரெண்டு மூணு வகை சரக்கு இருக்கும், மேல பறக்குறது சீக்கிரம் போயிடும், வாசனைய புடிச்சு வெக்கிறதுக்குன்னு போடுற கனமான சரக்கு எண்ணெய் மாதிரி ஃபோம்லயும் துணிலயும் ஒக்காந்துக்கிட்டு மாசக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா கெளம்பும். அது புளிப்பும் இல்ல காரமும் இல்ல, எதையும் போட்டு அடக்க முடியாது. ஒண்ணு அந்த பொருளையே தூக்கிப் போடணும், இல்ல சூடு காட்டி ஆவியாக்கி வெளிய தள்ளணும், இல்ல கரி வெச்சுப் புடிக்கணும். நாங்க மூணும் பண்ணோம்.

தூக்கிப் போட்டது: டிரைவர் சீட்டுக்குக் கீழ இருந்த கார்ப்பெட், அதுக்கு அடியில மெத்த மாதிரி இருக்கற பஞ்சு. சீட் நாலு போல்ட்டுதான், மெக்கானிக் அண்ணன் பத்து நிமிசத்துல கழட்டிட்டாரு, சீட்டுல ஏர்பேக் இருக்கற வண்டின்னா பேட்டரி வயர கழட்டிட்டுத்தான் கை வெக்கணும். பஞ்ச புழிஞ்சா கையில வழவழன்னு லெமன் எண்ணெய், அந்தக் கைய மூணு நாள் கழுவியும் வீட்டுக்குள்ள அக்கா பக்கத்துல போக முடியல. புதுப்பேட்டைல அதே மாடல் கார்ப்பெட் பழசு கெடச்சுது, ஆனா எந்த வண்டியில இருந்து வந்ததோ, அதுல என்ன வாசனை இருக்குமோன்னு பயந்து வேணாம்னு விட்டுட்டேன், இப்ப வெறும் தகரத்து மேல பழைய கோணி விரிச்சிருக்கு, சத்தம் கொஞ்சம் வரும், பரவால்ல. சீட் கவர் மாத்தச் சொல்லி எல்லாரும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கு வழி காட்டுனாங்க, புது ரெக்சின் கவர் போட்டா அது ஒரு புது கார் வாசனை, வேணாம். பத்து வருசம் தொவச்சுத் தொவச்சு நைஞ்சு போன அப்பாவோட வேட்டி நாலு இருந்துச்சு, அதத்தான் போத்தியிருக்கேன். புதுத் துணி போடுறதா இருந்தா வாங்கி நாலஞ்சு தண்ணி அலசிட்டுப் போடுங்க, கசங்காம இருக்க போடுற ஃபினிஷ்லயே ஃபார்மால்டிஹைடு இருக்கலாம்.

வண்டிக்குள்ள வர்ற காத்த வடிகட்டுற கேபின் ஃபில்டர் மாத்தறது ரொம்ப சல்லிசான வேல, பெரும்பாலும் டேஷ்போர்டு கிளவ் பாக்ஸுக்குப் பின்னாடி இருக்கும், கார்பன் ஃபில்டரா கேட்டு வாங்குங்க, சாதா ஃபில்டர் தூசிய புடிக்கும், வாசனைய புடிக்காது. பழைய பேஸ் மாடல் சிலதுல ஃபில்டரே வெச்சிருக்க மாட்டாங்க, எடம் மட்டும் இருக்கும், வெச்சுக்கலாம். ஏசியில அழுக்கு சாக்ஸ் வாடை வந்தா உள்ள கூலிங் காயில் ஈரத்துல பூஞ்சை ஏறியிருக்குன்னு அர்த்தம், வண்டிய நிறுத்தறதுக்கு அஞ்சு நிமிசம் முன்னாடி ஏசிய அணைச்சுட்டு ஃபேன மட்டும் ஓட விட்டா காஞ்சுக்கும், பூஞ்சை ஏறுறது கொறையும்.

கரி விசயத்துல ஒரு ஏமாத்து இருக்கு. இஸ்திரி வண்டிக்காரர்கிட்ட வாங்கி வெக்கிற அடுப்புக் கரியும் ஆக்டிவேட்டட் கார்பனும் ஒண்ணு இல்ல. ஆக்டிவேட்டட் கார்பன்ல உள்ளுக்குள்ள ஓட்ட ஓட்டயா இருந்து ஒரு கிராமுக்குள்ளயே 500 சதுர மீட்டருக்கு மேல பரப்பு இருக்கும், நம்ம கணக்குல ரெண்டு கிரவுண்டுக்கு மேல. ஆன்லைன்ல சின்ன மூங்கில் கரி பை அழகா விக்கிறாங்க, வெலை ஜாஸ்தி கரி கம்மி. நான் கொளத்தூர் போயிட்டேன், அங்க கலர் மீன் கடைங்க தெரு தெருவா இருக்கே, மீன் தொட்டி ஃபில்டருக்குப் போடுற கார்பன் கிலோ கணக்குல கெடைக்கும். கழுவி தூசி போக அலசி, வெயில்ல காய வெச்சு, வேட்டித் துணில பை தெச்சு ரெண்டு கிலோ போட்டேன். மீன் கவுச்சிய எடுக்க மீன் கடைக்கே போறியான்னு மெக்கானிக் அண்ணன் ஓட்டுனாரு. ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க, கரி சூட்டுல புடிச்சத திரும்ப விட்டுடும், அதனால ராத்திரி கண்ணாடி ஏத்தி உள்ள வெக்கணும், காலையில வெளிய எடுத்துடணும். ஒரு மாசத்துக்கு ஒருக்கா புதுசு போட்டேன்.

பகல்ல வெயில் வேல செய்யும். வெளிய 35 டிகிரி இருந்தா மூடுன வண்டிக்குள்ள ஒரு மணி நேரத்துல 50 தாண்டிடும், அந்த சூட்டுல ஃபோம்ல ஒளிஞ்சிருக்குறது எல்லாம் வெளிய வரும், அப்ப நாலு கதவையும் டிக்கியையும் பப்பரப்பான்னு தொறந்து விட்டா காத்துல போயிடும். திரும்ப மூடு, திரும்ப தொற. காசே இல்லாத வழி, கத்திரி வெயில் வந்தப்ப நான் மட்டும்தான் சந்தோசப்பட்டேன்.

ஆனா "காத்தாட விடுங்க"ன்னு சொல்றவங்க எல்லாம் காத்து நல்லா இருக்கற ஊர்க்காரங்க. நமக்கு மேக்கால மணலி, வடக்கால எண்ணூர், ரெண்டும் ஃபேக்டரி ஏரியா, எந்தக் காத்துன்னு பாத்துத்தான் கதவத் தொறக்கணும். கோடையில காலையில மேக்குக் காத்து அடிக்கும், மணலி கேஸ் வாடை அப்பத்தான் ஜாஸ்தி, அந்த நேரத்துல தொறந்தா சென்ட் போயி சல்ஃபர் வந்து ஒக்காரும். மத்தியானத்துக்கு மேல கடக்காத்து ஏறி கெழக்கேர்ந்து வரும், அதான் நம்ம நேரம். காலையில பத்து மணிக்கு மூடி வெயில்ல விட்டுட்டு, தெருவுல காயப் போட்ட துணி மேக்குப் பக்கம் பறக்க ஆரம்பிச்சதும் கதவ தொறப்பேன். ஐப்பசிக்கு மேல வடகிழக்குக் காத்து வந்துட்டா இந்தக் கணக்கு மாறிடும், அப்ப எண்ணூர் பக்கத்து வாடைய மோந்து பாத்துட்டுத் தொறக்கணும்.

வாங்குறதுக்கு முன்னாடியே வேணாம்னு சொல்ல வேண்டிய வண்டி ரெண்டு. ஒண்ணு சிகரெட் வண்டி. கூரைத் துணி, சீட் ஃபோம், ஏசி டக்ட் எல்லாத்துலயும் நிகோட்டின் ஏறியிருக்கும், எவ்ளோ கழுவுனாலும் சூட்டுல திரும்ப வரும், கூரைத் துணி மொத்தமும் மாத்தணும், அந்தக் காசுக்கு வேற வண்டி பாத்துடலாம். இன்னொண்ணு வெள்ளத்துல நின்ன வண்டி, 2015லயும் 2023 மிக்ஜாம்லயும் முழுகுனது எத்தனையோ. சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க, அடியில சேத்துக் கோடு இருக்கும், சீட் தண்டவாளத்துல துரு இருக்கும். புரோக்கர்கிட்ட மொதல்லயே சொல்லிடுங்க, "அண்ணே, கழுவவும் வேணாம், சென்ட்டும் வேணாம், நாறுனபடியே காட்டுங்க"ன்னு. நான் சொல்லாம விட்டதுக்குத்தான் மூணு மாசம்.

அப்ப எதப் பண்ணலாம்னு கேட்டா என் வரிச இதுதான். நாறுற பொருள் கழட்டுற மாதிரி இருந்தா கழட்டி எறிங்க, அதுக்கு ஈடு எதுவும் இல்ல. கழட்ட முடியாதத சலவை சோடா, எலுமிச்ச உப்பு, சுடுதண்ணி. மிச்சத்த பகல்ல வெயிலுக்கும் ராத்திரி கரிக்கும் விட்டுடுங்க. இதுல கஷ்டம் காசு இல்ல, நேரம். ஒரே நாள்ல வேணும்னா ஓசோன்தான் இருக்கு, ஒரே நாள்ல வேணும்னு நெனக்கிற வீட்டுல இந்த நோயாளி இருக்கக் கூடாது. இந்த வேல எதையும் அவங்கள பண்ண விடாதீங்க, என்95 மாஸ்க் தூசிக்குத்தான், ஆவிக்கு இல்ல.

ஏழாவது வாரம் அக்கா கதவத் தொறந்து வெச்சுக்கிட்டு பத்து நிமிசம் ஒக்காந்துச்சு. ஒம்பதாவது வாரம் கண்ணாடி பாதி ஏத்தி தேரடி வரைக்கும். பன்னெண்டாவது வாரம் பொன்னேரி போய் சித்திய பாத்துட்டு வந்தோம், மணலி நியூ டவுன் கிட்ட உள்காத்த மட்டும் சுத்த விடுற பட்டன அக்காவே அமுக்கிடுச்சு. முன் சீட்டுல மட்டும் இன்னும் ஒக்கார மாட்டேங்குது, டிரைவர் பக்கத்து சீட் பெல்ட்ல அந்த லெமன் இருக்குதாம். எனக்கு ஒண்ணும் தெரியல, ஆனா பாட்டில் டெஸ்ட்ல அக்கா ஒரு தடவ கூட தப்பா சொன்னதில்ல. பெல்ட்ட முழுசா இழுத்து மேல கிளிப் போட்டு நிறுத்தி, கீழ பக்கெட் வெச்சு சலவை சோடால ஊற வெச்சிருக்கேன், மூணாவது பக்கெட் ஓடுது.